கயிற்றில் எழுதிய கணக்கு: இன்கா கிப்பு முடியும் முறை

ஆண்டிஸ் மலைத்தொடரில் குஸ்கோவைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட இன்காக்கள் தங்கள் நாட்டைத் தவாந்தின்சுயு என்றார்கள். நான்கு பகுதிகளும் ஒன்றானது என்று பொருள். குடிமக்கள் எத்தனை பேர், கிடங்கில் எவ்வளவு சோளம், யார் யார் வேலைமுறைக்கு வந்தார்கள் என்று எல்லாவற்றுக்கும் அங்கே கணக்கு இருந்தது. ஏடும் இல்லை, எழுத்தாணியும் இல்லை. கணக்கு முழுவதும் கயிற்றில். அந்தக் கயிற்றுக் கட்டின் பெயர் கிப்பு. கெச்சுவா மொழியில் அந்தச் சொல்லுக்கு முடிச்சு என்றே பொருள். அதை முடிந்து, காத்து, வேண்டும்போது படித்துச் சொன்ன அலுவலரின் பெயர் கிப்புகமாயுக்.

உலகின் அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் இன்று 1,000க்கும் மேற்பட்ட கிப்புகள் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் எண்களைச் சொல்லும் கிப்புகளைப் படிக்கும் வழியை 1912இல் லேலண்ட் லாக் என்ற அமெரிக்கர் விளக்கிக் காட்டினார். அந்த வழி உறுதியானது, கற்கவும் எளியது. ஒன்றைத் தானே முடிந்து பார்ப்பவருக்கு ஒரே நாளில் பிடிபட்டுவிடும். கீழே சொல்லியிருப்பது, மூன்று ஊர்களின் சோளக் கணக்கை ஒரு சிறு கிப்புவாக முடியும் முறை.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கிப்புவில் முடிச்சைவிட முடிச்சு நிற்கும் இடம் பெரிது. முடிச்சே இல்லாத இடமும் ஓர் எண்தான். முதன்முதலாக முடிபவர் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

உறுப்புகள்

கிடையாக நீளும் தடித்த கயிறு தாய்க்கயிறு. அதிலிருந்து வரிசையாகக் கீழே தொங்குபவை தொங்கு கயிறுகள்; எண்கள் பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கும். சில கயிறுகள் தாய்க்கயிற்றிலிருந்து மேல்நோக்கி எழும்படி கட்டப்பட்டிருக்கும். அவை மேற்கயிறுகள். பல கிப்புகளில் ஒரு கூட்டத்துத் தொங்கு கயிறுகளின் கூட்டுத்தொகை மேற்கயிற்றில் இருக்கும். தொங்கு கயிற்றின் உடலிலிருந்தே பிரிவது கிளைக்கயிறு. கிளைக்குக் கிளை, அதற்கும் கிளை என்று அடுக்கடுக்காகப் போகும் கிப்புகளும் உண்டு. நாம் செய்வதில் மூன்று தொங்கு கயிறு, ஒரு மேற்கயிறு, இரண்டு கிளை.

நூலும் முறுக்கும்

பழைய கிப்புகளில் பெரும்பாலானவை பருத்தி. அல்பாக்கா, லாமா ஆகியவற்றின் மயிரில் செய்தவையும் உண்டு. நமக்குப் பருத்தியே ஏற்றது. கிரோஷே பின்னப் பயன்படும், சுமார் 1 மி.மீ. தடிப்புள்ள, சாயமேற்றாத நூல் ஒரு கண்டு வாங்கினால் போதும். நைலான், பாலியஸ்டர் வேண்டாம். அவை வழுக்கும், முடிச்சு இறுகி நிற்காது, நீள் முடிச்சின் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

கடைநூலை அப்படியே தொங்கவிட்டால் கிப்பு ஆகாது. இன்காக்களின் கயிறு முறுக்கிய புரியை மடித்து, எதிர்த்திசையில் தானே பின்னிக்கொள்ளும்படி விட்டுச் செய்தது. அப்படிச் செய்யும்போது மடித்த இடத்தில் ஒரு கண்ணி உருவாகும். அந்தக் கண்ணியால்தான் கயிறு தாய்க்கயிற்றில் மாட்டப்படுகிறது. மடிப்பு இல்லையென்றால் கண்ணி இல்லை, மாட்ட வழியும் இல்லை.

முதலில் நூலின் முறுக்குத் திசையைப் பாருங்கள். நூற்பாலைகளில் எஸ் முறுக்கு, இசட் முறுக்கு என்று சொல்வது இதைத்தான். நூலைச் செங்குத்தாகப் பிடித்தால், புரியின் சாய்வு இடப்பக்கக் கீழிருந்து வலப்பக்க மேலே ஏறுமானால் அது இசட். வலப்பக்கக் கீழிருந்து இடப்பக்க மேலே ஏறுமானால் எஸ். பெரும்பாலான கிப்புக் கயிறுகளில் உள்புரி இசட், முடிந்த கயிறு எஸ். ஆகவே நமக்கு வேண்டியது கடையிலேயே இசட் முறுக்குடன் வரும் நூல். அதை அதே திசையில் மேலும் முறுக்கி மடித்தால் எஸ் கயிறு கிடைக்கும். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் கை சொல்லும்: சரியான திசையில் திருகினால் நூல் இறுகும், தவறான திசையில் திருகினால் புரி பிரிந்து தொளதொளக்கும். எஸ் நூல்தான் கிடைத்தது என்றால் அதையே அதன் திசையில் முறுக்கிச் செய்யுங்கள். இசட் கயிறு வரும். அப்படியும் பழைய கயிறுகள் உண்டு. ஆனால் ஒரே கிப்புவில் இரண்டையும் காரணமில்லாமல் கலக்கக் கூடாது. முறுக்குத் திசையும் அங்கே ஏதோ ஒரு வேறுபாட்டைக் குறித்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

60 செ.மீ. நீளமுள்ள ஒரு தொங்கு கயிற்றுக்கு 140 செ.மீ. நூலை வெட்டுங்கள். முறுக்கும்போது நூல் குறுகும் என்பதால்தான் இந்தக் கூடுதல். ஒரு முனையை ஆணியிலோ கதவுக் கொக்கியிலோ கட்டுங்கள். மறுமுனையில் சிறு வளையம் போட்டு அதற்குள் பென்சிலை நுழைத்து, நூலை விறைப்பாகப் பிடித்தபடி பென்சிலைச் சுற்றுங்கள். அவ்வப்போது இரண்டு விரற்கடை தளர்த்திப் பாருங்கள். தளர்த்திய உடனே நூல் தன்மேல் தானே கொக்கி போலச் சுருண்டால் முறுக்கு போதும். முதல் கயிற்றுக்கு எத்தனை சுற்று ஆனது என்று எண்ணி வைத்துக்கொண்டு மற்றக் கயிறுகளுக்கும் அதே அளவு கொடுங்கள். முறுக்கு வேறுபட்டால் கயிற்றின் தடிப்பு வேறுபடும், முடிச்சின் அளவும் மாறும்.

அடுத்து மடிப்பது. நூலின் நடுவில் ஒரு சாவியைப் போன்ற சிறு எடையைத் தொங்கவிட்டு, இரு முனைகளையும் ஒன்றாகக் கொண்டுவாருங்கள். எடை தானே சுழன்று இரு பாதிகளையும் பின்னிவிடும். எடை இல்லாமல் சட்டென்று விட்டால் நடுவில் பத்து இடங்களில் கொக்கி விழும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருக்கும். எடையைக் கழற்றியதும் அந்த இடத்தில் கண்ணி நிற்கும். மறுமுனை பிரியாமல் நுனியில் ஒரு சிறு முடிச்சுப் போடுங்கள். கயிறு இப்போது ஏறத்தாழ 2 மி.மீ. தடிப்பு இருக்கும்.

தாய்க்கயிறு 5 மி.மீ. தடிப்புக்குக் குறையக் கூடாது. ஐந்தாறு நூல்களை ஒன்றாகச் சேர்த்து இதே முறையில் முறுக்கி மடியுங்கள். முடிந்த நீளம் 50 செ.மீ. போதும். ஒரு முனை கண்ணியாக இருக்கட்டும். அதுதான் தொடக்கம். மறுமுனை வாலாகத் தொங்கும். தொடக்கமும் வாலும் தெளிவாக வேறுபட்டிருந்தால்தான் எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்று பின்னால் வருபவருக்குத் தெரியும்.

மாட்டுவது

தாய்க்கயிற்றை இரண்டு ஆணிகளுக்கிடையே விறைப்பாகக் கட்டுங்கள். தொங்கு கயிற்றின் கண்ணியை விரித்துத் தாய்க்கயிற்றின் பின்புறமாகக் கொண்டுபோய் மேலே ஏற்றி முன்னால் இறக்குங்கள். கயிற்றின் வாலை அந்தக் கண்ணிக்குள் நுழைத்துக் கீழே இழுத்து இறுக்குங்கள். இறுகியபின் ஒரு பக்கத்தில் வாலின்மேல் ஒரு குறுக்குப் பட்டை தெரியும். கண்ணியை முன்னிருந்து பின்னாகக் கொண்டுபோனால் அந்தப் பட்டை எதிர்ப்பக்கம் போய்விடும்.

இரண்டும் ஒன்றுபோலத் தாங்கும். ஆனாலும் ஒரே பொருளில்லை. பெருவின் சாந்தா பள்ளத்தாக்கில் கிடைத்த 6 கிப்புகளை, அதே பகுதியில் 132 பேரிடம் வரி பெற்றதைப் பதிந்த 1670ஆம் ஆண்டின் ஸ்பானிய ஆவணம் ஒன்றோடு கிப்பு ஆய்வாளர்களான மானி மெட்ரானோவும் கேரி அர்ட்டனும் ஒப்பிட்டார்கள். கயிறு முன்னால் மாட்டப்பட்டதா பின்னால் மாட்டப்பட்டதா என்பது, அந்த மனிதர் ஊரின் எந்தப் பாதியைச் சேர்ந்தவர் என்பதைக் காட்டியிருக்கலாம் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். ஆண்டிஸ் ஊர்கள் பலவும் ஹனன், உரின் என்று மேல்பாதி, கீழ்பாதியாகப் பிரிந்திருந்தவை. எனவே மாட்டும் விதத்தைப் போகிறபோக்கில் மாற்றாதீர்கள். நம் மூன்று கயிறுகளையும் ஒரே விதமாக, ஒன்றுக்கொன்று 1 செ.மீ. இடைவெளியில் மாட்டுங்கள்.

மூன்று முடிச்சுகள்

கிப்புவின் எண்முறை பத்தடிமானம். கெச்சுவாவில் இருபதை இஸ்கை சுங்கா என்பார்கள். இஸ்கை இரண்டு, சுங்கா பத்து. நம் இருபதும் இரு பத்துத்தானே. அதனால் தமிழில் எண்ணிப் பழகியவருக்கு இந்த முறை அந்நியமாக இருக்காது.

ஒற்றை முடிச்சு: நாம் அன்றாடம் போடும் சாதாரண முடிச்சு. பத்து, நூறு, ஆயிரம் ஆகிய இடங்களுக்கு இதுதான். அந்த இடத்தின் இலக்கம் மூன்று என்றால் மூன்று ஒற்றை முடிச்சுகள் அடுத்தடுத்து ஒரு கொத்தாக நிற்கும்.

நீள் முடிச்சு: ஒன்றின் இடத்தில் 2 முதல் 9 வரை வரும் இலக்கங்களுக்கு. ஒரே முடிச்சுக்குள் எத்தனை சுற்றோ அத்தனை எண். ஒற்றை முடிச்சுக்குப் போடுவதுபோல ஒரு வளையம் போட்டு, வாலை வளையத்துக்குள் ஒரு முறை நுழைப்பதற்குப் பதிலாக, வேண்டிய எண்ணிக்கை வரை நுழைத்து நுழைத்துச் சுற்றுங்கள். நான்குக்கு நான்கு முறை. பிறகு இரு பக்கமும் மெல்ல இழுங்கள். இழுக்கும்போது விரலால் சுற்றுகளை ஒரே திசையில் உருட்டிவிட வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் ஒரு சுற்று மற்றொன்றின்மேல் ஏறிவிடும். ஏழு ஆறாகத் தெரியும். இறுகியபின் முடிச்சின் ஒரு பக்கத்தில் நூல் நீளவாட்டில் சாய்ந்து ஓடும். அந்தப் பக்கத்திலிருந்து எண்ணாதீர்கள். திருப்பி, சுற்றுகள் மட்டும் படிப்படியாகத் தெரியும் பக்கத்தில் எண்ணுங்கள். 8, 9 போடும்போது ஒவ்வொரு நுழைப்பையும் வாய்விட்டு எண்ணுவது நல்லது.

எட்டு முடிச்சு: ஒன்றின் இடத்தில் 1 வந்தால் மட்டும். ஒரே சுற்றுள்ள நீள் முடிச்சு என்று தனியே ஒன்று கிடையாது. அது ஒற்றை முடிச்சாகவே போய்விடும். ஆகவே அந்த ஓர் எண்ணுக்காக வேறொரு முடிச்சை எடுத்துக்கொண்டார்கள். வளையம் போட்டு, வாலை நேர்கயிற்றின் பின்னால் ஒரு முறை கொண்டுபோய்ச் சுற்றி, முன்னாலிருந்து வளையத்துக்குள் நுழையுங்கள். இறுக்கும் முன் படுத்த 8 தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் சுற்றாமல் நுழைத்துவிட்டீர்கள். அது ஒற்றை முடிச்சு.

சுழியத்துக்கு முடிச்சில்லை. அதன் இடம் வெறுமையாக விடப்படும்.

ஒன்றின் இடத்துக்கு மட்டும் ஏன் வேறு வகை முடிச்சு? எண் எங்கே முடிகிறது என்று அது காட்டுகிறது. நீள் முடிச்சோ எட்டு முடிச்சோ வந்தால் அதற்குக் கீழே இன்னும் ஏதாவது இருந்தால் அது வேறோர் எண்ணின் தொடக்கம். இதனால் ஒரே கயிற்றில் இரண்டு மூன்று எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்க முடிந்தது. மிகக் குறைந்த செலவில் செய்த மிகச் சிறந்த ஏற்பாடு இது.

முடிச்சின் இடம்

பெரிய இலக்கம் தாய்க்கயிற்றுக்கு அருகில், ஒன்றின் இடம் கீழே. எல்லாக் கயிறுகளிலும் நூறுகள் ஒரே மட்டத்தில், பத்துகள் ஒரே மட்டத்தில், ஒன்றுகள் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். 52 என்ற எண்ணில் ஐந்து ஒற்றை முடிச்சும் கீழே இரண்டு சுற்று நீள் முடிச்சும் இருக்கும். 502 என்ற எண்ணிலும் அதேதான். வேறுபாடு, ஐந்து முடிச்சும் எந்த மட்டத்தில் நிற்கின்றன என்பதில் மட்டும். மட்டம் குலைந்தால் 450 மூட்டை காணாமல் போய்விடும்.

கயிறுகளுக்குப் பின்னால் ஓர் அட்டையை நிறுத்தி அதில் மூன்று கோடுகள் போடுங்கள். தாய்க்கயிற்றிலிருந்து 6 செ.மீ.இல் நூறு, 14 செ.மீ.இல் பத்து, 22 செ.மீ.இல் ஒன்று. ஒவ்வொரு கொத்தின் முதல் முடிச்சும் அந்தக் கோட்டைத் தொட வேண்டும். ஒன்பது ஒற்றை முடிச்சுகளின் கொத்து 5 செ.மீ.க்குள் அடங்கும் என்பதால் 8 செ.மீ. இடைவெளி போதும்.

எப்போதும் மேலிருந்து கீழாக முடியுங்கள். ஒற்றை முடிச்சு ஒன்று ஏறத்தாழ 2 செ.மீ. கயிற்றை விழுங்கும், ஒன்பது சுற்று நீள் முடிச்சு 10 செ.மீ.க்கு மேல் விழுங்கும். கீழே ஒன்றின் முடிச்சை முதலில் போட்டுவிட்டு மேலே பத்துகளைப் போட்டால், ஒவ்வொரு முடிச்சும் கீழிருப்பதை மேலே இழுத்துவிடும். மட்டம் போய்விடும். போட்டதை அவிழ்ப்பது ஒன்றுதான் வழி.

முடிச்சைச் சரியான இடத்தில் நிறுத்த கோணி ஊசி ஒன்று வேண்டும். முடிச்சைத் தளர்வாகப் போட்டு, வளையத்துக்குள் ஊசியை விட்டு, ஊசியைக் கோட்டின்மேல் பிடித்தபடி வாலை இழுங்கள். முடிச்சு ஊசியை நோக்கி வரும். கடைசி நேரத்தில் ஊசியை உருவிவிட்டு இறுக்குங்கள். கயிற்றை நனைக்காதீர்கள், நனைந்து காய்ந்த பருத்தி முடிச்சைப் பிறகு அவிழ்க்க முடியாது. ஒற்றை முடிச்சை வலப்பக்கமாகவும் போடலாம், இடப்பக்கமாகவும் போடலாம். ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே பின்பற்றுங்கள்.

எண்ணில் 7, 8, 9 நிறைய வந்தால் 60 செ.மீ. கயிறு பற்றாது. 999 முடிய 80 செ.மீ.க்கு மேல் வேண்டும். எண்ணைப் பார்த்துவிட்டு நூலை வெட்டுவதே சரி.

மூன்று ஊர்களின் சோளம்

முதல் ஊர் 124 மூட்டை, இரண்டாவது 305, மூன்றாவது 91. கயிற்றைத் தொடும் முன் கூட்டல் முடிந்திருக்க வேண்டும். கிப்பு பதிவேடு, கணக்குப் போடும் பலகை வேறு. ஆண்டிஸ் நூலாசிரியர் குவாமன் போமா வரைந்த ஓவியம் ஒன்றில் கிப்புகமாயுக் கையில் கிப்புவை விரித்தபடி நிற்க, கீழே 5 வரிசையும் 4 நிரலும் உள்ள கட்டப்பலகை ஒன்று காட்டப்பட்டிருக்கிறது. அதன் பெயர் யுபானா. தானியமணிகளை அதில் நகர்த்திக் கணக்கிட்டார்கள்.

நீங்களும் தரையில் மூன்று வரிசை கீறிச் சோளமணிகளால் போட்டுப் பாருங்கள். கீழ் வரிசையில் 4, 5, 1 சேர்ந்து பத்து மணி. பத்தையும் எடுத்துவிட்டு நடு வரிசையில் ஒன்று வையுங்கள், கீழே ஏதுமில்லை. நடு வரிசையில் 2, 0, 9, இப்போது வந்த 1 என்று பன்னிரண்டு. பத்தை எடுத்து மேலே ஒன்று வைத்தால் இரண்டு மிஞ்சும். மேல் வரிசையில் 1, 3, வந்த 1 என்று ஐந்து. 520.

இனி முடியுங்கள். முதல் கயிற்றில் நூறின் கோட்டில் ஒரு முடிச்சு, பத்தின் கோட்டில் இரண்டு, ஒன்றின் கோட்டில் நான்கு சுற்று நீள் முடிச்சு. இரண்டாவதில் நூறின் கோட்டில் மூன்று. பத்தின் கோட்டை வெறுமையாக விட்டு நேரே 22 செ.மீ.க்குப் போய் ஐந்து சுற்று. வெறுமையான இடத்தில் கயிறு நேராகத் தொங்க வேண்டும். ‘கொஞ்சம் மேலே இருந்தால் என்ன’ என்று ஐந்தை ஏற்றிப் போட்டால் 35 ஆகிவிடும். மூன்றாவதில் நூறின் கோடு வெறுமை, பத்தின் கோட்டில் ஒன்பது முடிச்சு, ஒன்றின் கோட்டில் 8 வடிவ எட்டு முடிச்சு ஒன்று. ஒன்பது முடிச்சுகளும் நெருங்கி நிற்கட்டும். இடையில் இடைவெளி விட்டால் இரண்டு கொத்தாகத் தோன்றும்.

மேற்கயிற்றை மாட்டும் விதம் வேறு. அதன் கண்ணியை மூன்று தொங்கு கயிறுகளின் கழுத்துகளையும் சேர்த்துப் பிணைக்கும்படி கொண்டுபோய், வாலை நுழைத்து மேல்நோக்கி இழுங்கள். மூன்றும் ஒரு கூட்டமாக நெருங்கி நிற்கும்; இந்தக் கூட்டுத்தொகை எந்தக் கயிறுகளுக்கு என்ற கேள்விக்கே இடமில்லை. அதில் தாய்க்கயிற்றிலிருந்து மேல்நோக்கி அளந்து 6 செ.மீ.இல் ஐந்து முடிச்சு, 14 செ.மீ.இல் இரண்டு முடிச்சு, ஒன்றின் இடம் வெறுமை.

520 என்ற இந்தக் கயிறு மட்டும் தனியே கிடைத்தால்? நீள் முடிச்சு இல்லாததால் ஒன்றின் இடம் சுழியம் என்று தெரியும். ஆனால் 520ஆ, 5,200ஆ என்று அந்தக் கயிறு மட்டும் சொல்லாது. அதன் பக்கத்துக் கயிறுகளின் மட்டம்தான் சொல்லும்.

இரண்டாவது ஊரின் 305 மூட்டையில் 60 விதைக்கு ஒதுக்கியது என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு கயிறு செய்து, அதன் கண்ணியை இரண்டாவது தொங்கு கயிற்றில், நூறின் முடிச்சுக்கு மேலே, தாய்க்கயிற்றிலிருந்து 3 செ.மீ. கீழே மாட்டுங்கள். மாட்டும் விதம் தாய்க்கயிற்றுக்குச் செய்தது போலவே. பத்தின் கோட்டில் ஆறு முடிச்சு. இந்த 60ஐ 520இல் சேர்க்கக் கூடாது. கிளைகளுக்குத் தனிக் கூட்டுத்தொகை வேண்டுமானால் மேற்கயிற்றுக்கும் ஒரு கிளை மாட்டி அதில் வையுங்கள். மார்சியா ஆஷர், ராபர்ட் ஆஷர் தம்பதியர் அளந்து பதிந்த கிப்புகளில் இந்த அமைப்பைக் காணலாம். இங்கே கிளை ஒன்றுதான் என்பதால் அங்கேயும் 60.

நிறம்

இன்கா வரலாற்றை எழுதிய கார்சிலாசோ தெ லா வேகா, மஞ்சள் பொன்னைக் குறிக்கும், வெள்ளை வெள்ளியை, சிவப்பு படைவீரரைக் குறிக்கும் என்று எழுதினார். இதை அகராதியாக எடுத்துக்கொண்டு பழைய கிப்புகளைப் படிக்கப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். எஞ்சியிருக்கும் கிப்புகளில் நாடு முழுவதற்கும் பொதுவான நிறப் பட்டியல் ஒன்றை எவரும் நிறுவவில்லை. ஆனால் ஒரு கிப்புவுக்குள் நிறம் ஒழுங்கோடு நடக்கிறது. ஒரு கூட்டம் முழுவதும் ஒரே நிறம், அடுத்த கூட்டம் வேறு நிறம் என்பது ஒரு வகை. ஒவ்வொரு கூட்டத்திலும் வெள்ளை, பழுப்பு, கருப்பு என்று அதே வரிசை திரும்பத் திரும்ப வருவது இன்னொரு வகை. சோளம், உருளைக்கிழங்கு, மிளகாய் என்று ஊருக்கு ஊர் அதே பொருள்களைப் பதிய இரண்டாவது வகை வசதி. வெள்ளை நூலையும் பழுப்பு நூலையும் நுனியில் சேர்த்து முடிந்து முறுக்கி, சேர்ந்த இடத்தில் மடித்தால் வரிவரியாக ஏறும் கயிறு கிடைக்கும். அது தனி நிறமாகவே எண்ணப்படும்.

பருத்தி தானே வெள்ளையிலும் பல பழுப்புகளிலும் விளையும். ஆண்டிஸ் மக்கள் அந்த இயற்கை நிறங்களை அதிகம் பயன்படுத்தினார்கள். சாயம் போட்டால் முறுக்கும் முன்பே நூலில் போடுங்கள். முறுக்கியபின் உள்புரிவரை சாயம் ஏறாது.

பழைய கிப்புவைப் படிக்கும்போது

அருங்காட்சியகப் படத்தையோ தரவுத்தள விவரத்தையோ வைத்துப் படிப்பவர், எண்ணை உடனே எழுதிவிடாமல் கண்டதை முதலில் எழுதவேண்டும். எத்தனையாவது கயிறு, எந்தப் பக்கம் மாட்டியது, நிறம், முறுக்கு, ஒவ்வொரு முடிச்சும் தாய்க்கயிற்றிலிருந்து எத்தனை செ.மீ., என்ன வகை, நீள் முடிச்சானால் எத்தனை சுற்று, கயிறு எப்படி முடிகிறது. கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். நுனி முடிச்சோடு முழுமையாக இருக்கும் வெறும் கயிறு சுழியமாக இருக்கலாம். நுனி அறுந்த கயிற்றுக்கு எண்ணே சொல்லக் கூடாது. ஒன்றின் இடம் அறுந்த துண்டோடு போயிருக்கலாம். நுனி முடிச்சை எண்ணாகப் படிப்பதும் அடிக்கடி நேரும் பிழை. அதைத் தவிர்க்கத்தான் நாம் முடியும் கிப்புவில் ஒன்றின் முடிச்சுக்குக் கீழே குறைந்தது 5 செ.மீ. வால் விடவேண்டும்.

எழுதியபின் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை எங்காவது வந்து பொருந்தினால் படிப்பு சரியென்று தெரியும். லிமாவுக்கு அருகே புருசூகோவில் 1956இல் ஒரு தாழிக்குள் 21 கிப்புகள் கிடைத்தன. அவற்றில் சிலவற்றில், ஒரு கிப்புவின் கூட்டுத்தொகைகள் அடுத்த நிலைக் கிப்புவில் தனித்தனி எண்களாக ஏறியிருப்பதை 2005இல் கேரி அர்ட்டனும் கேரி பிரெசினும் காட்டினார்கள். ஊர்க்கணக்கு வட்டாரக் கணக்காகத் திரண்டு போன வழி அது. வடக்கே லகூனா தெ லோஸ் கொண்டோரெஸ் ஏரிக்கரைக் கல்லறைகளில் கிடைத்தவற்றுள் ஒன்றில் 24 பகுதிகளாகப் பிரிந்த 730 கயிறுகள் இருக்கின்றன. இரண்டு ஆண்டின் நாட்கள்! கான்யெத்தே பள்ளத்தாக்கின் இன்காவாசியில் கிப்புகள், நிலக்கடலைக்கும் மிளகாய்க்கும் பக்கத்தில், கிடங்கிலேயே கிடைத்தன.

கூட்டினாலும் பொருந்தாத, மட்டங்களே இல்லாத, முடிச்சுகள் கலைந்து நிற்கும் கிப்புவும் கையில் வரும். கிடைத்தவற்றில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அப்படி. அவை கணக்கு அல்லாத வேறு செய்தியைத் தாங்கியவையாக இருக்கலாம். அவற்றை யாரும் இன்னும் படிக்கவில்லை. அவற்றின்மேல் மேலே சொன்ன எண்முறையைத் திணித்துப் படிக்காதீர்கள். ஸ்பானியர் வந்தபின் 1583இல் லிமாவில் கூடிய மூன்றாம் திருச்சபைச் சங்கம் கிப்புகளை அழிக்கச் சொன்னது. படிக்கத் தெரிந்தவர்களும் தலைமுறை தலைமுறையாகக் குறைந்தார்கள். ஆனாலும் பெருவின் துபிகோசா ஊரில் குடிக்கூட்டங்கள் தங்கள் கிப்புகளைப் பொதுச்சொத்தாகக் காத்துவருகின்றன. ஆண்டுத் தொடக்கத்து ஊர்க்கூட்டத்தில் அவற்றை அணிந்து வருகிறார்கள்.

சுருட்டி வைப்பது

முடித்த கிப்புவை ஆணியிலேயே தொங்கவிடாதீர்கள். எடையால் முறுக்கு தளரும், வெயில் பட்டால் நிறம் வெளிறும். மேற்கயிற்றைக் கீழே மடித்துத் தொங்கு கயிறுகளோடு சேர்த்து, எல்லாவற்றையும் கையால் ஒருமுறை நீவிச் சிக்கெடுங்கள். தாய்க்கயிற்றைத் தொடக்கமுனை உள்ளே இருக்கும்படி சுருட்டி, வெளியே நிற்கும் வாலால் தொங்கு கயிறுகளின் கட்டை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பருத்தித் துணியில் பொதிந்து உலர்ந்த இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கும், பூசணம் பிடிக்கும். பிரிக்கும்போது வாலை அவிழ்த்துத் தாய்க்கயிற்றை முதலில் நேராக்குங்கள். தொங்கு கயிற்றைப் பிடித்து இழுத்தால் கண்ணி இறுகி அது மாட்டிய இடம் நகர்ந்துவிடும்.